விமானி மயங்கிவிட்டால் பயணி விமானத்தை இறக்க ஏலுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்மலானையில் சிறிய விமானத்தில் ஏறப் போகிறவர்கள், கட்டுநாயக்கவிலிருந்து வெளிநாடு போகிறவர்கள், அவர்களை வழியனுப்பிவிட்டு வீட்டிலிருந்து கவலைப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்பது திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறோம். கீழே வரும் வேக அளவுகள் பெயர் சொல்லப்பட்ட விமான வகைக்கு மட்டுமே பொருந்தும். வேறு வகை என்றால் ரேடியோவில் வழிகாட்டுபவர் சொல்லும் எண்ணையே பின்பற்ற வேண்டும்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க. ஏலுமா, ஏலாதா?"

சிறிய விமானத்தில் ஏலும், நடந்தும் இருக்கிறது. ஆனால் தெளிந்த வானம், வேலை செய்யும் ரேடியோ, மறுமுனையில் அந்த வகை விமானத்தை அறிந்த ஒருவர் ஆகிய மூன்றும் வேண்டும். பெரிய பயணிகள் விமானத்தைப் பயிற்சி இல்லாத பயணி தன் கையால் இறக்கிய சம்பவம் ஒன்றுகூட இல்லை. அங்கே நம்பக்கூடிய ஒரே வழி, விமானத்தின் சொந்தக் கருவிகளையே இறக்க வைப்பது. பயணியின் வேலை சொன்ன பொத்தானைச் சொன்ன வரிசையில் அழுத்துவதுதான்.

விமானி மயங்கினால் விமானம் உடனே கல்லைப்போல விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விழாது. சீராகப் பறக்கும்படி சரிசெய்யப்பட்ட விமானம், யாரும் தொடாவிட்டால் கொஞ்ச நேரம் அப்படியே பறக்கும். ஓட்டோ பைலட் இயங்கினால் எரிபொருள் தீரும்வரை பறக்கும். பயந்துபோய் எதையாவது பலமாக இழுப்பதுதான் அந்த நேரத்தை வீணாக்கும்.

"உண்மையிலேயே யாராவது இறக்கியிருக்காங்களா, இல்ல படத்துல மட்டுமா?"

2022 மே மாதம் பஹாமாசிலிருந்து புளோரிடா நோக்கிப் பறந்த செஸ்னா காரவன் என்ற சிறிய விமானமொன்றில் விமானி சுயநினைவு இழந்தார். விமானம் மூக்கைக் கீழே சாய்த்து இறங்கத் தொடங்கியது. பறக்கத் தெரியாத பயணி ஒருவர் எட்டிக் கட்டுப்பாட்டுப் பிடியைப் பிடித்து, மெதுவாக இழுத்து மட்டப்படுத்தினார். தரையில் இருந்த வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பறப்புப் பயிற்றுநரும்கூட. காரவன் கொக்பிட்டின் படமொன்றை முன்னால் வைத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார். விமானம் பாம் பீச் சர்வதேச விமான நிலையத்தில் பத்திரமாக இறங்கியது.

2013 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஹம்பர்சைட் விமான நிலையத்தில் 77 வயதுப் பயணி ஒருவர் சிறிய செஸ்னாவை, ஓடுபாதையைப் பல தடவை நெருங்கிப் பார்த்த பிறகு, இருட்டில் இறக்கினார். 2019இல் அவுஸ்திரேலியாவின் ஜண்டகொட்டில் பயிற்றுநர் மயங்கியதால், பாடம் கற்க வந்த மாணவர் தனியாக இறக்கினார். 2009இல் புளோரிடாவில் கிங் எயார் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தை ஒரு பயணி இறக்கினார். அவருக்கு ஒற்றை எஞ்சின் விமானத்தில் முன்பழக்கம் இருந்தது. இந்த நான்கிலும் பொதுவாக இருப்பவை இரண்டு: விமானம் சிறியது, ரேடியோவில் ஒருவர் கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தார்.

"பெரிய பிளேன்ல ரெண்டு பைலட் இருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விழுவாங்களா?"

தனித்தனி நோயால் இருவரும் ஒரே பயணத்தில் விழுவது மிக மிக அரிது. ஒருவர் விழுந்தால் மற்றவர் இறக்குவார். 2009இல் பிரசல்சிலிருந்து நியூவார்க் போன போயிங் 777இலும், 2015இல் பீனிக்சிலிருந்து பொஸ்டன் போன எயார்பஸ்ஸிலும், 2024இல் சியாட்டிலிலிருந்து இஸ்தான்புல் போன விமானத்திலும் கப்டன் நடுவழியில் இறந்தார். மூன்றும் பத்திரமாக இறங்கின. பல நிறுவனங்களில் இரு விமானிகளும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவதில்லை. உணவு நஞ்சானாலும் ஒருவராவது தப்ப வேண்டும் என்பதே காரணம்.

இருவரையும் ஒன்றாக வீழ்த்தக்கூடியது காற்றழுத்தம் குறைவது. 2005 ஓகஸ்ட் 14ஆம் திகதி லார்னாக்காவிலிருந்து ஏதென்ஸ் நோக்கிப் பறந்த ஹீலியோஸ் நிறுவனத்தின் 522ஆம் இலக்க விமானத்தில் நடந்தது அதுதான். கபின் காற்றழுத்தத்தைச் சரிசெய்யும் சுவிட்ச் தானியங்கி நிலையில் இருக்கவில்லை. ஒக்சிசன் குறைந்து விமானிகள் நினைவிழந்தார்கள். ஓட்டோ பைலட் விமானத்தை 34,000 அடிக்குக் கொண்டுபோய், ஏதென்சுக்கு அருகே வட்டமிட வைத்தது. பறப்பு உரிமம் பெற்றிருந்த பணியாளர் ஒருவர் கொக்பிட்டுக்குள் போனபோது எரிபொருள் தீரும் தறுவாயில் இருந்தது. 121 பேரும் இறந்தார்கள். அவருக்குத் திறமை ஓரளவு இருந்தது, நேரம்தான் இருக்கவில்லை. ஒக்சிசன் முகமூடி தொங்கியதும் முதலில் உங்கள் முகத்தில் போடுங்கள் என்று சொல்வதன் கனம் இந்த விபத்தைப் படித்தால் புரியும்.

"கொக்பிட் கதவு பூட்டியிருக்குமே, எப்பிடி உள்ள போறது?"

பயணி போக ஏலாது, முயலவும் கூடாது. 2001 செப்டெம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு அந்தக் கதவு குண்டு துளைக்காதபடி பலப்படுத்தப்பட்டது. உள்ளிருந்து பதிலே வராதபோது கதவைத் திறக்கும் முறை விமானப் பணியாளர்களுக்குத் தெரியும். தேவையென்றால் "விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று அவர்களே கேட்பார்கள். விடுமுறையில் போகும் விமானி ஒருவர் பயணிகளுக்குள் இருப்பது அபூர்வமல்ல. அப்படி ஒருவர் இருந்தால், சின்னச் செஸ்னா மட்டும் ஓட்டியவர் என்றாலும், ஒன்றும் தெரியாத துணிச்சல்காரரைவிட அவரே மேல்.

"சரி, சீட்ல உட்கார்ந்தாச்சு. முதல்ல எதைப் பிடிக்கணும்?"

எதையும் பிடிக்கக் கூடாது. முதலில் மயங்கியவரின் உடல் கட்டுப்பாட்டின் மேல் சாயாமல் பார்க்க வேண்டும். அவரை நிமிர்த்தி, தோள் பட்டியை இறுக்கிப் பூட்டி, இருக்கையைப் பின்னால் தள்ளி, கால்களைப் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள். பெடலில் ஒரு கால் விறைத்துக் கிடந்தால் விமானம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். அவரைத் தூக்கி வெளியே எடுக்க வசதியில்லாவிட்டால் மற்ற இருக்கையில் அமருங்கள். பறக்கத் தேவையானவை இரு பக்கமும் இருக்கின்றன.

பிறகு முன்னால் பாருங்கள். மேலே நீலமும் கீழே மண்ணிறமுமான கருவி, விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும். அதன் இடப் பக்கம் வேகம், வலப் பக்கம் உயரம், கீழே திசை. பழைய வட்ட முள் கருவிகளிலும் புதிய திரைகளிலும் பெரும்பாலும் இதே ஒழுங்குதான். நீலமும் மண்ணிறமும் சந்திக்கும் கோடு மட்டமாக இருந்து, உயரத்தின் எண் மாறாமல் இருந்தால் ஓட்டோ பைலட் இயங்குகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதைக் குழப்பாமல் ரேடியோவுக்குப் போங்கள்.

"ஓட்டோ பைலட் இல்லாட்டி? பிளேன் சரிஞ்சுகொண்டு போகுதெண்டா?"

முதலில் சரிவை நிமிர்த்துங்கள், அதன் பிறகுதான் மூக்கை உயர்த்த வேண்டும். சரிந்தபடி இருக்கையில் இழுத்தால் சுழற்சி இறுகி வேகம் இன்னும் ஏறும். வேகம் அதிகமென்றால் த்ரொட்டிலை (எஞ்சினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) குறைத்துவிட்டு, கட்டுப்பாட்டை ஒரு முட்டையைப் பிடிப்பதுபோல விரல்களால் பிடித்து மெல்ல இழுக்கவும். வெளியே அடிவானம் தெரிந்தால் அதையே பாருங்கள். செஸ்னா 172இல் த்ரொட்டிலுக்குக் கீழே ஒரு சிறிய சக்கரம் உண்டு. கை வலிக்கும் அளவுக்கு இழுக்க வேண்டியிருந்தால் அதைக் கீழ்நோக்கி உருட்டினால் பாரம் குறையும். தள்ள வேண்டியிருந்தால் மேல்நோக்கி உருட்ட வேண்டும்.

"ரேடியோவுல எப்பிடிக் கதைக்கிறது? எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது."

ஹெட்செட்டைப் போடுங்கள். பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசி, முடிந்ததும் விட்டுவிட வேண்டும். அழுத்திக்கொண்டே இருந்தால் மறுபக்கம் பேசுவது கேட்காது, வேறு யாராலும் அந்த அலைவரிசையில் பேசவும் ஏலாது. செஸ்னாவில் அது பிடியின் நுனியில் இருக்கும். எயார்பஸ்ஸில் பக்கவாட்டுப் பிடியின் முன்பக்கம் துப்பாக்கி விசைபோல இருக்கும். இங்கே பலர் பிழை விடும் இடமொன்று உண்டு. அதே பிடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் ஓட்டோ பைலட்டைத் துண்டிக்கும். பல போயிங் விமானங்களிலும், ஓட்டோ பைலட் உள்ள பல சிறிய விமானங்களிலும் துண்டிக்கும் பொத்தான் பிடியிலேதான் இருக்கிறது. சிவப்பைத் தொடாதீர்கள்.

விமானி கடைசியாகப் பேசிய அலைவரிசையிலேயே முதலில் பேசுங்கள், அங்கே உங்களை ஏற்கனவே ஒருவர் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். பதில் வராவிட்டால் 121.5, அது உலகெங்கும் அவசர அலைவரிசை. ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பொண்டர் என்ற கருவியில் 7700 என்று போட்டால் ரேடார் திரையில் அவசரம் என்று தெரியும். "மேடே" என்று மூன்று தரம் சொல்லி, விமானி மயங்கிவிட்டார், எனக்கு ஓட்டத் தெரியாது, எத்தனை பேர் இருக்கிறோம், உயரம் இவ்வளவு, எரிபொருள் இவ்வளவு என்று சொல்லுங்கள்.

வான் ரேடியோவின் பொதுமொழி ஆங்கிலம். ஆனால் உங்களிடம் இலக்கணம் கேட்கப் போவதில்லை. எண்களும், ஸ்பீட், ஹெடிங், லெஃப்ட், ரைட், ஃபிளாப் போன்ற பத்துச் சொற்களும் தெரிந்தால் வழிகாட்ட ஏலும். தமிழ்தான் வருகிறதென்றால் தமிழிலேயே சொல்லுங்கள், தமிழ் தெரிந்தவர் ஒருவரைத் தேட அவர்களுக்கு நேரம் கிடைக்கும். மௌனமாக இருந்தால் யாராலும் உதவ முடியாது.

"ஓட்டோ பைலட் தானே இறக்கும்? பிறகென்ன பயம்?"

ஓட்டோ பைலட் தானாக முடிவெடுத்து இறங்காது. எயார்பஸ் ஏ320இல் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்தால் புரியும். கண்ணாடிக்குக் கீழேயுள்ள பலகையில் வேகம், திசை, உயரம் ஆகியவற்றுக்குத் திருகிகள் இருக்கின்றன. திருகி வெளியே இழுத்தால் நீங்கள் வைத்த எண்ணை விமானம் பின்பற்றும், உள்ளே தள்ளினால் கணினி தன் கணக்கைப் பின்பற்றும். இழுப்பதற்குப் பதில் தள்ளிவிட்டால் விமானம் நீங்கள் நினைக்காத பக்கம் போகும். கட்டுப்பாட்டாளர் சொல்லும் திசையையும் உயரத்தையும் இப்படி ஒவ்வொன்றாக வைத்துக் கீழே வர வேண்டும்.

அடுத்து, இறங்கும் ஓடுபாதையைக் கணினியில் பதிய வேண்டும். சின்ன விசைப்பலகையில் பக்கம் பக்கமாகத் தேடிச் செய்வது இது, புதியவருக்கு அதிக நேரம் எடுப்பதும் இதுதான். பிறகு வேகத்தைக் குறைத்து, இறக்கையில் விரியும் தட்டுகளான ஃபிளாப்பை ஒவ்வொரு படியாக விட வேண்டும்: முதல் படிக்கு 230 நொட்டுக்குள் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), இரண்டாவதுக்கு 200, மூன்றாவதுக்கு 185, முழுவதற்கு 177. சக்கர வடிவப் பிடியைக் கீழே தள்ளினால் சக்கரங்கள் இறங்கும், பச்சை விளக்குகள் எரிகின்றனவா பாருங்கள். வேகத்தடை இறக்கைகளின் நெம்பை மேலே இழுத்துத் தயார் நிலையில் வைத்து, தானியங்கி பிரேக்கை நடு நிலைக்கு அழுத்த வேண்டும். வழிகாட்டுபவர் சொல்லும் நேரத்தில் ஓடுபாதையை நோக்கி இறங்க வைக்கும் அப்ரோச் பொத்தானையும், இரண்டாவது ஓட்டோ பைலட்டையும் அழுத்த வேண்டும்.

எல்லாம் சரியென்றால் விமானமே ஓடுபாதையின் நடுக்கோட்டைப் பிடித்து, 3 பாகை சரிவில் இறங்கி, தரைக்கு அருகே மூக்கைத் தூக்கும். ஆனால் சுமார் 10 அடியில் "ரிடார்ட்" என்று ஒரு குரல் கேட்கும். அப்போது த்ரொட்டில் நெம்புகள் இரண்டையும் முழுவதும் பின்னால் இழுப்பது உங்கள் வேலை. இழுக்காவிட்டால் வேகத்தடை இறக்கைகள் விரியா, விமானம் ஓடுபாதை முடியும்வரை ஓடக்கூடும். பல போயிங் விமானங்களில் நெம்புகள் தாமாகவே பின்னால் வரும். இத்தனை படிகளில் ஒன்று தவறினாலும் வழிகாட்டுபவர் உங்களை மேலே ஏற்றி மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். எரிபொருள் இருக்கும்வரை அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

"இலங்கைக்கு மேல நடந்தா எங்க இறக்கச் சொல்லுவாங்க? இரத்மலானை கிட்டத்தானே?"

கிட்ட இருப்பதைவிட நீளமாக இருப்பது முக்கியம். இரத்மலானை ஓடுபாதை சுமார் 1,800 மீற்றர், சுற்றிவர வீடுகள். கட்டுநாயக்க 3,350 மீற்றர், ஐ.எல்.எஸ். என்ற வழிகாட்டும் அலைக்கற்றையும் உண்டு. மேலே சொன்ன தானியங்கி இறக்கத்துக்கு அது இல்லாமல் முடியாது. மத்தள 3,500 மீற்றர், போக்குவரத்தும் குறைவு. சின்னச் செஸ்னா இறங்கி நிற்க நல்ல விமானி கையில் 500 மீற்றர்கூடத் தேவையில்லை. ஆனால் புதியவர் ஒரு கிலோமீற்றர் தூரம் மிதந்துபோய்த்தான் தரையைத் தொடக்கூடும். அப்போதும் மிச்சம் 2 கிலோமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும் என்பதால்தான் நீளமான ஓடுபாதை.

இரத்மலானையிலும் கட்டுநாயக்கவிலும் ஓடுபாதையின் பெயர் 04, 22. அந்த எண்ணோடு ஒரு பூச்சியம் சேர்த்தால் திசைகாட்டியில் வர வேண்டிய எண். 22 என்று சொன்னால் 220 பாகையில், அதாவது தென்மேற்கு நோக்கி இறங்க வேண்டும்.

"சின்ன பிளேனை கையால இறக்கிறது எப்பிடி? படிப்படியா சொல்லுங்க."

செஸ்னா 172ஐ வைத்துச் சொல்கிறோம். வழிகாட்டுபவர் உங்களை ஓடுபாதைக்கு நேரே, தூரத்தில் கொண்டுவந்து விடுவார். திரும்பும்போது 15 பாகைக்கு மேல் சரிக்காதீர்கள். ஓடுபாதையிலிருந்து 5 கடல் மைலில் தரையிலிருந்து சுமார் 1,500 அடி உயரம் சரி, ஒரு கடல் மைலுக்கு 300 அடி என்பது கணக்கு. த்ரொட்டிலைக் குறைத்து எஞ்சினை நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,500 சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். வேகம் 110 நொட்டுக்குக் கீழே வந்ததும் ஃபிளாப் 10 பாகை, 85க்குக் கீழே வந்ததும் 20 பாகை. அதற்கு மேல் வேண்டாம். வேகம் 65 முதல் 70 நொட். வேகத்தை மூக்கால் பிடியுங்கள்: அதிகமென்றால் சற்று உயர்த்துங்கள், குறைவென்றால் தாழ்த்துங்கள். உயரத்தை த்ரொட்டிலால் பிடியுங்கள்: அதிகமென்றால் குறையுங்கள், குறைவென்றால் கூட்டுங்கள். இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதுதான் புதியவர் வழமையாக விடும் பிழை.

கண்ணாடியில் ஓடுபாதையின் தொடக்கத்தில் எழுதியுள்ள எண்ணைப் பாருங்கள். அது ஒரே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் சரியாக வருகிறீர்கள். கண்ணாடியில் மேலே ஏறினால் ஓடுபாதைக்கு முன்பே விழப்போகிறீர்கள், எஞ்சினைக் கூட்டுங்கள். கீழே நழுவினால் தாண்டிப்போகிறீர்கள், குறையுங்கள்.

ஓடுபாதைக்கு மேல் வந்து, ஒரு மாடிவீட்டின் உயரம் இருக்கும்போது த்ரொட்டிலை முழுவதும் வெளியே இழுத்துவிடுங்கள். இப்போது பார்வையை மூக்குக்கு முன்னாலிருந்து எடுத்து, ஓடுபாதையின் மறுகோடிக்குக் கொண்டுபோங்கள். விமானம் தாழத் தாழ, மூக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே நிற்கும்வரை கைப்பிடியைச் சிறுகச் சிறுக இழுங்கள். பின்சக்கரங்கள் தொடும். இழுத்ததை விடாமல் மூக்குச் சக்கரம் தானாக இறங்க விடுங்கள். தரையில் திசையைத் திருப்புவது கைப்பிடி அல்ல, கால் பெடல்கள். பெடலின் மேல்பகுதியை இரண்டு காலாலும் சமமாக அழுத்தினால் பிரேக். கார் ஓட்டிப் பழகியவர்கள் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விமானம் திரும்பவில்லை என்று பதறுவார்கள்.

"எந்த இடத்துல பிழை வரும்?"

அதிக வேகத்தில் வந்து தரையில் அழுத்த முயல்வது முதலாவது. விமானம் துள்ளும். துள்ளியதும் மூக்கைக் கீழே தள்ளினால் மூக்குச் சக்கரம் முதலில் இடித்து உடையும். துள்ளினால் மூக்கை மட்டமாக வைத்துக் காத்திருங்கள். மறுபடி மேலே போய்விட்டால் த்ரொட்டிலை முழுவதும் தள்ளி, மட்டமாகப் பறந்து, வேகம் கூடியபின் மெல்ல ஏறுங்கள். ஃபிளாப்பை ஒரேயடியாக மூடாதீர்கள், விமானம் தொப்பென்று தாழும்.

இரண்டாவது, வேகம் குறைந்தும் இழுத்துக்கொண்டே இருப்பது. 172இல் ஃபிளாப் முழுவதும் விட்ட நிலையில் வேகமானி சுமார் 40 நொட் காட்டும்போது இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும், ஃபிளாப் இல்லாமல் 48இல். எச்சரிக்கைச் சத்தம் கேட்டால், தரைக்கு மேலே உயரமாக இருக்கும்போது, உடனே மூக்கைத் தாழ்த்தி எஞ்சினைக் கூட்ட வேண்டும். மூன்றாவது, அகலமான ஓடுபாதை கண்ணை ஏமாற்றும். கட்டுநாயக்க போன்ற அகலமான ஓடுபாதையில் நீங்கள் உண்மையில் இருப்பதைவிடத் தாழ இருப்பதுபோலத் தோன்றும். அதனால் உயரத்திலேயே இழுத்துவிடுவார்கள். வழிகாட்டுபவர் "இன்னும் இழுக்காதீர்கள்" என்றால் கண்ணை நம்பாமல் அவரை நம்புங்கள்.

"மழை, மேகம், ராத்திரி எண்டா?"

மேகத்துக்குள் போவதை எப்பாடுபட்டாவது தவிருங்கள். அடிவானம் மறைந்தால் உள்காது பொய் சொல்லும். சரிந்து திரும்பும் விமானம் நேராகப் போவதுபோல உணர்வீர்கள். 1954இல் இல்லினோய் பல்கலைக்கழகம், கருவி பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்துச் சோதித்தது. எல்லோருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 வினாடிகளில்.

கொழும்புப் பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடிமுகில் கட்டும். அப்படியான நாளில் மழையைச் சுற்றிப் போகவும், தேவையென்றால் தெளிந்த பக்கத்தில் வட்டமிட்டுக் காத்திருக்கவும் கேளுங்கள். ஓட்டோ பைலட் இருந்தால் கடைசிவரை அதையே பறக்க விடுங்கள்.

"என்ட மகன் கம்பியூட்டர்ல பிளேன் ஓட்டுவான். அவன் இறக்கிடுவான் தானே?"

நல்ல சிமுலேட்டரில் பழகியவருக்கு எந்தக் கருவி எங்கே இருக்கிறது, ஐ.எல்.எஸ். என்றால் என்ன என்று தெரியும். மேலே தானியங்கி இறக்கத்தில் சொன்ன படிகளை அவர் மற்றவர்களைவிட வேகமாகச் செய்வார். அது பெரிய உதவிதான். ஆனால் மேசையில் இருக்கும் சிறு பிடிக்கு உண்மைக் கட்டுப்பாட்டின் பாரம் இல்லை, கால் வேலை இல்லை, பக்கத்தில் மயங்கிக் கிடக்கும் மனிதரும் இல்லை.

தன்னம்பிக்கை இங்கே நல்ல அளவுகோல் அல்ல. 2022இல் நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விமானம் இறங்கும் நான்கு நிமிடக் காணொளியைச் சிலருக்குக் காட்டினார்கள். விமானியின் கை என்ன செய்கிறது என்றுகூட அதில் தெரியாது. பார்த்தவர்களுக்குத் "தன்னால் முடியும்" என்ற நம்பிக்கை கூடியது. 2023இல் அமெரிக்காவில் யூகவ் என்ற நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், கட்டுப்பாட்டாளரின் உதவி மட்டும் இருந்தால் பயணிகள் விமானத்தை இறக்கிவிடலாம் என்று ஆண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் நம்பினார்கள், பெண்களில் ஐந்தில் ஒருவர். இந்தப் பக்கத்தைப் படித்தவர்களுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

"ஒரு பொத்தானை அமத்தினா தானா இறங்கிற சின்ன பிளேன் வந்திருக்காமே?"

வந்திருக்கிறது. கார்மின் நிறுவனத்தின் ஓட்டோலாண்ட் 2020இல் சான்றிதழ் பெற்றது. பயணி பொத்தானை அழுத்தினால் அது கிட்டவுள்ள பொருத்தமான ஓடுபாதையைத் தேர்ந்து, தானே ரேடியோவில் அறிவித்து, இறங்கி, நின்று, எஞ்சினையும் நிறுத்தும். அழுத்திய பிறகு கட்டுப்பாட்டைப் பிடிக்காமல் இருப்பதுதான் உங்கள் வேலை. சிரஸ் விமானங்களில் விமானத்தையே தாங்கும் பரசூட் உண்டு. கூரையிலுள்ள சிவப்புப் பிடியின் மூடியைக் கழற்றி, இரண்டு கையாலும், கம்பியில் தொங்குவதுபோலப் பலமாக, விடாமல் இழுக்க வேண்டும். இப்படிப்பட்ட விமானத்தில் ஏறினால் அந்தப் பொத்தானும் பிடியும் எங்கே என்று புறப்படும் முன்பே விமானியிடம் கேளுங்கள். கேட்டதற்காக எந்த நல்ல விமானியும் மனம் நோக மாட்டார்.

"ஓடுபாதை வரைக்கும் போகாம கடல்லயோ களப்புலயோ இறக்கினா மெதுவா இருக்காதா?"

இருக்காது. நிலையான சக்கரங்கள் உள்ள விமானம் தண்ணீரைத் தொட்டதும் சக்கரம் பிடித்திழுத்துக் குப்புறக் கவிழக்கூடும். எஞ்சின் ஓடும்வரை ஓடுபாதையே மேல்.

நம் நாட்டில் களப்பிலும் குளத்திலும் இறங்கும் மிதவை பொருத்திய காரவன்கள் உண்டு. அவற்றின் மிதவைக்குள்ளேயே சக்கரமும் இருக்கிறது. தண்ணீரில் இறங்கும்போது சக்கரம் மேலே மடங்கியிருக்க வேண்டும். சக்கரம் கீழே இருந்தபடி தண்ணீரைத் தொட்டால் கவிழும். மறுதலையாக, சக்கரத்தை மறந்து ஓடுபாதையில் இறங்கினால் மிதவையின் அடிப்பாகத்தில் உராய்ந்து நிற்கும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆகவே சந்தேகமென்றால் ஓடுபாதை.

"முன்கூட்டியே எதையாவது பழகி வைக்கலாமா?"

அடிக்கடி ஒரே குடும்ப விமானத்திலோ நண்பரின் விமானத்திலோ போகிறவர் என்றால் கட்டாயம் பழகுங்கள். இரத்மலானையில் பறப்புப் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. பயிற்றுநரோடு சில பாடங்கள் போதும்: மட்டமாகப் பறப்பது, மெல்லத் திரும்புவது, ரேடியோவில் பேசுவது, ஓடுபாதைக்கு மேல் இழுக்கும் அந்தக் கடைசிச் சில வினாடிகளைப் பயிற்றுநரின் கையோடு உங்கள் கையையும் வைத்து உணர்வது. தனியார் விமானி உரிமத்துக்கே குறைந்தது 40 மணித்தியாலம் வேண்டும் என்பதை நினைத்தால், இது எவ்வளவு சிறிய முதலீடு என்று தெரியும்.

அதற்கும் நேரமில்லையென்றால் ஏறும் முன் விமானியிடம் ஐந்து விஷயங்களைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்: பேசும் பொத்தான், ஓட்டோ பைலட்டைப் போடும் பொத்தான், த்ரொட்டில், எரிபொருள் தாங்கியை மாற்றும் பிடி, எஞ்சினை நிறுத்தும் வழி. எரிபொருள் பிடியைக் குறிப்பாகக் கேளுங்கள். 172இல் இரண்டு தாங்கியிலிருந்தும் ஒன்றாக எடுக்கலாம். பல பைப்பர் விமானங்களில் இடம், வலம் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றாவிட்டால் ஒரு தாங்கி நிறைய எரிபொருள் இருக்கும்போதே எஞ்சின் நிற்கும்.

"இறங்கி நிண்டாச்சு. உடனே கதவைத் திறந்து ஓடவா?"

வேண்டாம். முதலில் எஞ்சின். 172இல் சிவப்புக் குமிழை முழுவதும் வெளியே இழுத்தால் எரிபொருள் நின்று எஞ்சின் அடங்கும், பிறகு சாவியைத் திருப்பி நிறுத்துங்கள். ஏ320இல் நிறுத்தும் பிரேக்கைத் திருகிப் போட்டுவிட்டு, த்ரொட்டிலுக்குப் பின்னால் உள்ள இரண்டு எஞ்சின் சுவிட்சுகளையும் கீழே தள்ள வேண்டும். காரவனை நிறுத்தும் முறை வேறு, அதை ரேடியோவில் கேட்டுச் செய்யுங்கள்.

சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. விமானம் பிழைத்து, பயணி விசிறியில் அடிபட விடக்கூடாது. விசிறி முற்றாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு கதவைத் திறந்து, வால் பக்கமாக நடந்து விலகுங்கள். தீயணைப்பு வண்டிகள் நீங்கள் இறங்கும் முன்பே ஓடுபாதையோரம் வந்து நிற்கும். மயங்கியவர் எந்த இருக்கையில் இருக்கிறார், மூச்சு இருக்கிறதா என்பதை முதலில் வந்தவரிடம் சொல்லுங்கள்.